வெதாத் கொராயின் பதினோராம் அத்தியாயம்

பரத்வாஜ் சார் மொழிபெயர்க்க எடுத்த புத்தகத்தை முன்கூட்டிப் படிக்க மாட்டார். ஒரு அத்தியாயம் படிப்பார், அதை எழுதி முடிப்பார், பிறகுதான் அடுத்ததைப் பிரிப்பார். வாசகன் தவிக்கிற மாதிரி தானும் தவித்தால்தான் தமிழில் சூடு இறங்கும் என்பது அவர் கொள்கை. நந்தனத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலங்களில் மந்தைவெளி வீட்டு மாடியறையில் உட்கார்ந்து இப்படியே ஏழெட்டுப் புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தார். அதுவரை கொள்கை அவர் காலை வாரியதில்லை. வெதாத் கொராய் விஷயத்தில் வாரிவிட்டது.

வெதாத் ஒரு துருக்கிக்காரர். அவருடைய தன்வரலாறு ஆங்கிலத்தில், அட்டை கிழிந்து, லஸ் மூலைப் பழைய புத்தகக் குவியலில் கிடைத்தது. புகையிலை விளையும் ஒரு கடலோர ஊரில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தார். பொதுவுடைமை பேசுகிறான் என்று வேலையிலிருந்து தூக்கினார்கள். பிரெஞ்சு நாவல்களைத் துருக்கியில் மொழிபெயர்த்துக் குடும்பம் நடத்தினார், நடுநடுவே தானும் கதை எழுதினார். ஒரு சோஷலிசக் கட்சியில் சேர்ந்து ஒரே ஒரு தடவை பாராளுமன்றத்துக்குப் போனார். அங்கே அவர் பேச எழுந்தாலே எதிர்வரிசைக்காரர்கள் மேஜையைத் தட்டி அமர்க்களம் பண்ணுவார்களாம். ஒரு நாள் மூக்கிலேயே குத்திவிட்டார்கள். பிறகு ராணுவம் வந்தது, ஜெயில் வந்தது. ஜெயிலில் உட்கார்ந்து ஒரு தடித்த நாவலை மொழிபெயர்த்தார். "நான் ஒரு காற்புள்ளியைக்கூட விடவில்லை. அடுத்தவன் வீட்டுச் சாமானைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் வழியில் எதையும் கீழே போடக் கூடாது" என்று எழுதியிருந்தார். அந்த வரியைத் தமிழில் எழுதிவிட்டுப் பரத்வாஜ் சார் மொட்டைமாடியில் ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். எங்கேயோ ஒரு துருக்கிக்காரன் தன்னைத்தான் பாராட்டியிருக்கிறான் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தாம் அத்தியாயம் வரை வெதாத் வாயைத் திறக்கவே இல்லை. தலைகீழாகத் தொங்கவிட்டார்கள், தண்ணீரில் அமுக்கினார்கள், அவர் ஒருத்தர் பெயரையும் சொல்லவில்லை. பரத்வாஜ் சார் சூட்டோடு சூடாக தி. நகருக்குப் பஸ் ஏறினார். ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அச்சகத்தையும் பதிப்பகத்தையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருந்த ஜவஹரிடம், தலைப்பு 'மூடிய வாய்' என்று சொல்லிவிட்டு வந்தார். ஜவஹர் நல்ல மனிதர், சொன்னதைச் செய்வார். புத்தகக் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்ததால் உடனே அட்டையை அடித்துவிட்டார். கம்பிக்குப் பின்னால் ஒரு மீசைக்காரர், இறுக்கி மூடிய உதடு.

அதற்குப் பிறகுதான் பதினோராம் அத்தியாயம். அதன் முதல் வரி இப்படி இருந்தது: "அவர்கள் கேட்டார்கள். நான் சொன்னேன்."

இரண்டாவது தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது வெதாத்துக்கு வயதாகியிருந்தது. இந்த முறை ரொம்ப நேரம் அடிக்கவில்லை. கண்ணைக் கட்டி, பக்கத்து அறையில் ஒருவன் கத்துவதைக் கேட்க வைத்தார்கள். பிறகு கட்டை அவிழ்த்து ஒரு கிளாஸ் தேநீர் கொடுத்தார்கள். தேநீரைக் குடித்துவிட்டு, தன் துண்டறிக்கைகளை அச்சுக்கோத்த ஹாலித் என்பவரின் பெயரையும், அவர் ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே குடியிருக்கிறார் என்பதையும் வெதாத் சொல்லிவிட்டார். ஹாலித் வெளியே வந்தபோது அவர் கைவிரல்கள் எழுத்துக் கோப்பதற்கு லாயக்கில்லாமல் போயிருந்தன. வெதாத் அவர் வீட்டுக்குப் போனார். ஹாலித் பேசவில்லை. வெதாத் மன்னிப்புக் கேட்கவில்லை. வருஷா வருஷம் போய், சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார். "இந்த ஒரு அத்தியாயத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்" என்று அது முடிந்தது.

பரத்வாஜ் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முந்தின வருஷம்தான் சோவியத் நாட்டில் கழுத்தில் கயிறு கட்டிச் சிலைகளைக் கீழே இறக்குவதை டி.வி.யில் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் படுத்தவர் அவர். கம்யூனிஸ்ட் கட்சித் தோழர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசிக்கொண்டிருந்த சமயம். ஒரே ஒருத்தனாவது நிமிர்ந்து நின்றால் என்ன, அவனையும் நாமே கொண்டுவந்து சாய்க்க வேண்டுமா என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அத்தியாயத்தை மட்டும் தமிழாக்கிக் கொண்டுபோய் ஜவஹரிடம் காட்டினார், இதை விட்டுவிடலாம் என்று சொல்லத்தான். ஜவஹர் நின்றபடியே படித்தார். புத்தகத்திலேயே இதுதான் நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள்ளலாம், அட்டையைக்கூட வேறு அடித்துவிடுகிறேன் என்றார். நம் தோழர்கள் தாங்க மாட்டார்கள் என்று பரத்வாஜ் சார் ஒரே பிடியாக நின்றார். உங்கள் இஷ்டம் என்று ஜவஹர் விட்டுவிட்டார். பன்னிரண்டாம் அத்தியாயம் பதினோராவது ஆயிற்று.

மெய்ப்புப் பார்த்தது பரத்வாஜ் சாரின் மனைவி காமாக்ஷி. வங்கியில் வேலை, எதிலும் ஒன்று குறைந்தால் அவள் கண்ணில் பட்டுவிடும். கணவரோடு ஊர்வலமெல்லாம் போனவள்தான், ஆனால் 'ஏன்னா' என்று கூப்பிடுவதைப் புரட்சியால் மாற்ற முடியவில்லை.

"ஏன்னா, அவர் ஒரு காற்புள்ளியைக்கூட விடலைங்கறார். நீங்க ஒரு அத்தியாயத்தையே விட்டுட்டேளே."

வாசகனுக்காகத்தான் என்றார் அவர். எந்த வாசகன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அந்த வாசகனை அவர் இன்னும் சந்தித்திருக்கவில்லை.

அவன் பெயர் ராபர்ட். அடையாறு ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் மீனவர் சங்கச் செயலாளர். கட்சியின் கலை இலக்கியப் பிரிவு அங்கே வாசிப்பு வட்டம் நடத்தச் சொல்லிப் பரத்வாஜ் சாரை அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வலை பழுது பார்க்கும் கொட்டகையில், அவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் வலையைக் கோத்தபடி கேட்பார்கள். ராபர்ட் சும்மா கேட்கிற ஆள் இல்லை. வாய்க்கொழுப்பு ஜாஸ்தி, தான் இல்லாவிட்டால் சங்கமே இல்லை என்கிற நினைப்பும் உண்டு. நடுவில் நிறுத்தி, அந்த இடத்தில் நானாக இருந்தால் இன்ஸ்பெக்டரை இப்படிக் கேட்டிருப்பேன் என்று எழுந்து நடித்துக் காட்டுவான். அவனோடு ஒரே கட்டுமரத்தில் கூட்டாகத் தொழில் செய்த மண்ணாங்கட்டி, அவனைவிடப் பத்து வயது மூத்தவர், "குந்துடா" என்று லுங்கியைப் பிடித்து இழுப்பார்.

'மூடிய வாய்' குப்பத்தில் சக்கைப்போடு போட்டது. வெதாத் தலைகீழாகத் தொங்கும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். ராபர்ட்டுக்குப் பையன் பிறந்தபோது வெதாத் என்று பெயர் வைத்தே தீருவேன் என்று நின்றான். இது எந்தப் புனிதர் என்று பங்குச் சாமியார் கேட்டாராம். துருக்கி தேசத்து வேதசாட்சி சாமி, அடித்தும் மறுதலிக்கவில்லை என்று ராபர்ட் சொன்னானாம். சாமியார் யோசித்துவிட்டு, முன்னால் அந்தோணியைச் சேர்த்துக்கொள் என்று ஞானஸ்நானம் கொடுத்தார். அந்தோணி வெதாத். விருந்துக்குப் போன பரத்வாஜ் சாரிடம் குழந்தையைத் தூக்கிக் கொடுத்து, நீங்கள் கொண்டுவந்த பெயர் என்றான் ராபர்ட். அவர் வாங்கிக்கொண்டார். குழந்தை கனமாக இல்லை. ஆனாலும் சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஐப்பசியில், ரோட்டோரம் மீன் விற்கும் பெண்களை அப்புறப்படுத்த உத்தரவு வந்தது. குப்பமே ரோட்டில் உட்கார்ந்தது. தள்ளுமுள்ளில் யாரோ விட்ட கல் ஒரு இன்ஸ்பெக்டர் நெற்றியில் பட்டது. மண்ணாங்கட்டிதான் எறிந்தார் என்று போலீஸ் முடிவு கட்டியது. அவர் ஓடிப்போய் மயிலாப்பூரில் மாடு கட்டும் ஒரு கொட்டிலில், தூரத்து உறவுக்காரர் வீட்டில், ஒளிந்துகொண்டார். அந்த இடம் ராபர்ட்டுக்கு மட்டும் தெரியும். போலீஸ் ராபர்ட்டைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் மாட்டுக் கொட்டிலை ஜீப் வளைத்தது.

இருவரும் வெளியே வந்தபோது ராபர்ட்டுக்கு முதுகிலும் தோளிலும் தழும்பு, மண்ணாங்கட்டிக்கு இடது முழங்கால் மடங்கவில்லை. மடங்காத காலோடு கட்டுமரத்தில் மண்டி போட முடியாது. அவர் வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து மற்றவர்கள் வலையைப் பழுது பார்க்க ஆரம்பித்தார். ராபர்ட்டோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை. ஊரும் திட்டவில்லை. ராபர்ட் வந்தால் பேச்சு நிற்கும், போனால் தொடரும், அவ்வளவுதான். வாசிப்பு வட்டம் அதோடு நின்றது.

ராபர்ட்டின் மனைவி ஜெனிதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மந்தைவெளிக்கு வந்தாள். காமாக்ஷி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். ஜெனிதா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, 'மூடிய வாய்' புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அட்டையையே பார்க்கிறார் என்றாள்.

"புள்ளைய பேரச் சொல்லிக் கூப்ட மாட்டேன்றாரு சார். 'டேய்'ன்றாரு. பேர மாத்தணும்னு ஃபாதராண்ட போயி நிக்கிறாரு. அந்தப் பேரு வெக்கிற தகுதி எனக்கு இல்லன்றாரு." டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீ வந்து ஒரு வார்த்த சொல்லு சார். அந்தத் துருக்கிக்கார ஆள எங்க வூட்டுக்குக் கூட்டியாந்தது நீதான."

வருகிறேன் என்றார் பரத்வாஜ் சார். அவள் போனதும் மாடிக்குப் போய் அலமாரியிலிருந்து அந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தார். பதினோராம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் அவரே பென்சிலால் குறுக்கே கோடு போட்டிருந்தார். அழிப்பானை எடுத்து அதை அழித்தார். அழித்தது எதற்கு என்று அவருக்கே விளங்கவில்லை.

மறுநாள் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு குப்பத்துக்குப் போனார். ராபர்ட் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். அதுதான் அவரை முதலில் உலுக்கியது. அவன் ஒருநாளும் எழுந்து நின்றதில்லை. பாய் போட்டான், டீ வாங்கி வரச் சொன்னான். அவர் பேசப் பேசக் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டான். வரலாற்றுச் சூழல், அரசின் ஒடுக்குமுறை, தனிமனிதனின் எல்லை என்று அவர் வாயில் என்னென்னவோ வந்தது. கூட்டத்தில் பேசுகிற எல்லாம் வந்தது, பையில் இருந்தது மட்டும் வரவில்லை.

ராபர்ட் கடைசியில் ஒரே ஒரு தடவை பேசினான். "அந்த மன்ஷன எத்தினி மாசம் தொங்கவுட்டானுங்க. வாயத் தொறக்கலியே சார். எனுக்கு ரெண்டு நாளு. ரெண்டே நாளு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்தார். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரிந்தது. ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். பஸ்ஸில் பை மடியில் கனத்தது. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டதில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

சொன்னீர்களா என்று காமாக்ஷி கேட்டாள். சந்தர்ப்பம் சரியாக அமையவில்லை என்றார். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு, "அந்தத் துருக்கிக்காரருக்கு மட்டும் சந்தர்ப்பம் நன்னா அமைஞ்சுதாக்கும்" என்றாள். அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அந்த வாரம் ஜவஹர் வரச் சொல்லியிருந்தார். 'மூடிய வாய்' தீர்ந்துவிட்டது, இரண்டாம் பதிப்புப் போட வேண்டும். இந்தத் தடவையாவது விட்டதைச் சேர்த்துவிடலாமா, தமிழாக்கியது என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றார். வெற்றிலைக் கறை படிந்த பல் தெரிய, பயப்படாதீர்கள் சார், வாசகர்கள் நம்மைவிடத் தைரியசாலிகள் என்று சிரித்தார். பார்க்கலாம் என்று பரத்வாஜ் சார் மென்று விழுங்கினார். வெளியே வந்து பனகல் பார்க் வரை நடந்து, அங்கே ஒரு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

புயல் சின்னம், கடலுக்குப் போக வேண்டாம் என்று ரேடியோவில் சொன்ன ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், ராபர்ட் இரண்டு பேர் தள்ளுகிற கட்டுமரத்தை ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு போனான். வலை எடுக்கவில்லை. ஜெனிதா கரையில் நின்று கத்தியதும் நான்கு பேர் ஃபைபர் படகில் போய், கவிழ்ந்த மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவனை இழுத்து வந்தார்கள். பிடித்துக்கொண்டுதான் இருந்தான், விடவில்லை, அதனால் பிழைத்தான். மீன் விற்க மந்தைவெளிப் பக்கம் வந்த ஒரு பெண் மத்தியானம் இந்தச் செய்தியைக் காமாக்ஷியிடம் சொல்லிவிட்டுப் போனாள். காமாக்ஷி மாடிக்கு வந்து, அலமாரியைத் திறந்து, அந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து அவர் எதிரில் மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. ராபர்ட் வீட்டில் சுவரோரம் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தான். பரத்வாஜ் சார் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார், நின்றால் தைரியம் போய்விடும் என்று. வெதாத்தின் புத்தகத்தில் இன்னொரு அத்தியாயம் இருக்கிறது, தமிழில் அது விட்டுப்போய்விட்டது, அதில் வெதாத் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார் என்றார். விட்டுப்போய்விட்டது என்றுதான் சொன்னார். குடையை மறந்துவிட்டு வந்த மாதிரி.

ராபர்ட் நிமிர்ந்து பார்த்தான். நெஜமாவா என்று கேட்டான். அவர் புத்தகத்தைக் காட்டினார். இங்கிலீஷ் எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ராபர்ட் போர்வையோடு எழுந்தான்.

"இங்க வாணாம் சார். மண்ணாங்கட்டி மாமா வூட்ல வந்து படி. நான் மட்டும் கேட்டு இன்னா பிரயோஜனம்?"

மண்ணாங்கட்டி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் யாருடையதோ வலை. ராபர்ட் வருவதைப் பார்த்ததும் முகத்தை வலைக்குத் திருப்பிக்கொண்டார். ராபர்ட் தள்ளி, வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெனிதா குழந்தையோடு பின்னால் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாரைப் பார்த்ததும் பழைய ஞாபகத்தில் இன்னும் சிலர் வந்து நின்றார்கள். பரத்வாஜ் சார் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். விட்டுப்போன ஒரு அத்தியாயத்தைப் படிக்க வந்திருக்கிறேன் என்றார்.

மண்ணாங்கட்டி தலை நிமிராமல் கேட்டார். "விட்டுப்போச்சா, எடுத்துட்டாங்களா?"

"எடுத்து... எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தது?"

கேள்வி வந்துவிட்டது. கோபமாகக்கூட வரவில்லை. ஊசியை வலையில் நுழைத்தபடி, நூல் யாரிடம் வாங்கியது என்று கேட்கிற மாதிரிதான் அவர் கேட்டார். பரத்வாஜ் சார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பதிப்பாளர்தான். ஜவஹர்னு, தி. நகர்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பல் தெரியச் சிரித்த ஜவஹர், தமிழாக்கியதைப் பத்திரமாக வைத்திருக்கிற ஜவஹர். பெயரையும் சொல்லி, ஊரையும் சொல்லியாயிற்று.

மண்ணாங்கட்டி ஊசியை வலையில் குத்தி நிறுத்தினார். பரத்வாஜ் சாரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, வெளியே வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, ராபர்ட்டைப் பார்த்தார். போர்வைக்கு வெளியே அவன் தோளில் தெரிந்த தழும்பைப் பார்த்தார்.

"இவன ரெண்டு நாளு கட்டி வெச்சு அடிச்சானுங்க. அப்பால சொன்னான்." குரல் ஏறவில்லை. "உன்ன ஒருத்தனும் தொடக்கூட இல்லியே சார்."

பரத்வாஜ் சாருக்குக் காது மடல் வரை கொதித்தது. அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது, ஓடவில்லை.

"நான்தான் எடுத்தேன்," என்றார். "ஜவஹர் வெச்சுக்கலாம்னுதான் சொன்னார். நான்தான் கேக்கலை. வெதாத் மேல இருக்கற மரியாதை போயிடுமேன்னு எடுத்துட்டேன்."

ராபர்ட் வேலியை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தான். "சொன்னவனுக்கு மரியாத இல்லன்னு நீயே முடிவு பண்ட்ட." மூச்சு வாங்கினான். "அப்ப எம்மேல உனுக்கு இன்னா இருந்துச்சு சார், இத்தினி நாளா? என் வூட்ல வந்து குந்திக்கினு டீ குடிச்சியே."

பரத்வாஜ் சார் தலையைக் குனிந்துகொண்டு, அடிக்கட்டும் என்றுகூட நினைத்தார். அடித்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும் போலத் தோன்றியது. ஒருவரும் அடிக்கவில்லை. வாசலை விட்டுப் போகச் சொல்லவும் இல்லை. அவர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இடுப்பிலிருந்து இறங்கிய குழந்தை தவழ்ந்து போய் மண்ணாங்கட்டியின் மடியில் இருந்த வலையைப் பிடித்து இழுத்தது. ஜெனிதா பதறி எட்டிப் பிடிக்கப் போனாள்.

"ஊசி கீது, வெதாத்தப் பாத்துப் புடிம்மா," என்றார் மண்ணாங்கட்டி. பெயரைச் சொல்லிச் சொன்னார். ராபர்ட்டின் முகம் கோணியது. மண்ணாங்கட்டி நீட்டிய காலைக் கையால் தூக்கிச் சற்று நகர்த்தி வைத்து, பக்கத்தில் இடம் பண்ணினார்.

"குந்துடா."

ராபர்ட் வந்து உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ராபர்ட் வலையின் மறுமுனையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். மண்ணாங்கட்டி ஊசியை மறுபடி கையில் எடுத்தார்.

"நீ படி சார். ஒண்ணும் வுடாத."

பரத்வாஜ் சார் மணலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார். தமிழில் எழுதியது தி. நகரில் இருந்தது. அவர் ஆங்கிலத்தைப் பார்த்து அப்போதே தமிழில் சொல்ல வேண்டும். பென்சில் கோட்டை அழித்த இடத்தில் தாள் மெலிந்து வெளுத்திருந்தது, எழுத்து அழியவில்லை. முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

"அவர்கள் கேட்டார்கள். நான் சொன்னேன்."